நாகதாளிப் பழம் உண்ணத் தொடங்குவோருக்கு: நிறத்தைக் காத்தால் சத்தும் தங்கும்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி நோக்கிச் செல்லும்போது, கடற்கரைப் பக்கமாக இறங்கும் மணல் ஒழுங்கைகளிலும் ஆளில்லாத வளவுகளின் வேலியோரங்களிலும் தட்டுத்தட்டாக அடுக்கி வைத்தாற்போல் நிற்கும் முட்செடியை நாகதாளி என்கிறோம். சப்பாத்திக்கள்ளி என்ற பெயரும் அதற்கு உண்டு. அதன் கருஞ்சிவப்புப் பழத்தைச் சிறு வயதில் தின்று, சிவந்த நாக்கை நீட்டிக் காட்டி விளையாடியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். இப்போது அதே குடும்பத்தைச் சேர்ந்த டிராகன் பழம் சந்தைக்கு வந்துவிட்டதனாலும், அதைப் பற்றி உடல்நலம் சார்ந்த பேச்சு அதிகமாகிவிட்டதனாலும், வேலியோரத்து நாகதாளியையும் உண்டு பார்க்கலாமா என்று கேட்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இப்பழங்களின் சிறப்பான தாவரச் சேர்மங்கள் பெரும்பாலும் அவற்றின் நிறத்திலேயே இருக்கின்றன. அந்த நிறமோ சூட்டிலும் வெளிச்சத்திலும் காற்றிலும் விரைவாகக் கெடுவது. ஆகவே பறிப்பது முதல் பருகுவது வரை நாம் செய்யும் ஒவ்வொன்றும் அந்தச் சிவப்பைக் காக்கிறதா, கெடுக்கிறதா என்று பார்த்தே கீழ்க்காணும் படிகள் எழுதப்பட்டுள்ளன.

முதற் படி: எந்தக் கள்ளி என்று உறுதி செய்தல்

தமிழில் கள்ளி என்ற ஒரே சொல் இரண்டு வேறு குடும்பங்களுக்கும் பொதுவாக வழங்குகிறது என்பதே புதியவர்கள் சிக்கிக்கொள்ளும் முதலாவது இடமாகும். சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவை ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றைக் கீறினால் வெண்மையான பால் வடியும். அந்தப் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கக்கூடும். பழைய தமிழ்ப் பாடல்களில் வரும் கள்ளியும் இந்தப் பாற்கள்ளியே. ஏனெனில் நாகதாளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஐரோப்பியர் அங்கு சென்று திரும்பிய பின்னரே அது நம் கரைகளுக்கு வந்து சேர்ந்தது. நாகதாளியின் குடும்பத்தில், அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே மனிதர் கைபடாமல் தானாகவே வளரும் ஒரே கள்ளி வகை, மரக்கிளைகளில் முள்ளின்றித் தொங்கி வளரும் ரிப்சாலிஸ் என்பதும், இலங்கைக் காடுகளில் அதுவும் உண்டு என்பதும் பலருக்குத் தெரியாத செய்தி. எனினும் நமக்கு வேண்டிய பழம் அதுவன்று.

நாகதாளியை அடையாளம் காண்பது கடினமன்று. உள்ளங்கையை விரித்தது போன்ற தட்டையான சதைத் தண்டு, அதில் புள்ளி புள்ளியாக முட்கொத்து, மஞ்சள் நிறப் பூ, பூவுக்கு அடியில் பம்பரம் போல் திரண்டு முற்றும்போது கருஞ்சிவப்பாக மாறும் காய் ஆகியன அதன் அடையாளங்கள். ஐயம் இருந்தால் தட்டின் ஓரத்தைக் கத்தி நுனியால் சிறிது கீறிப் பாருங்கள். வழுவழுப்பான, நிறமற்ற நீர் கசிந்தால் அது நாகதாளி. வெண்பால் வந்தால் கத்தியைத் துடைத்துக்கொண்டு விலகிவிடுங்கள்.

இரண்டாம் படி: உள்ளே என்ன இருக்கிறது என்று அறிதல்

நாவற்பழத்தின் ஊதாவும் நாகதாளிப் பழத்தின் ஊதாச் சிவப்பும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும், வேதியியலில் அவை வேறு வேறு. நாவலுக்கு நிறம் தருவது அந்தோசயனின். கள்ளிப் பழங்களுக்கு நிறம் தருவது பெற்றலேயின் என்னும் நைதரசன் கொண்ட நிறமித் தொகுதி. ஒரே செடியில் இவ்விரண்டும் சேர்ந்து காணப்படுவதில்லை என்பது தாவர உலகின் விந்தைகளுள் ஒன்று. பீட்றூட், சிவப்புத் தண்டுக்கீரை, கடதாசிப்பூ ஆகியவற்றின் நிறமும் பெற்றலேயினால் ஆனதே. இத்தொகுதியில் இரு பிரிவுகள் உண்டு: சிவப்பும் ஊதாவும் தருபவை பெற்றாசயனின்கள், மஞ்சளும் செம்மஞ்சளும் தருபவை பெற்றாசாந்தின்கள். நம் கரையோர நாகதாளியில் மேலோங்கி நிற்பது சிவப்புப் பிரிவு. அதிலும் பீட்றூட்டில் இருக்கும் அதே பெற்றனின்தான் முதன்மையானது. பீட்றூட்டின் மண் வாசனை பிடிக்காமல் அதைத் தள்ளி வைப்பவர்களுக்கு, அந்த வாசனையே இல்லாமல் அதே நிறமியைத் தரும் பழம் இது என்பதை நான் விரும்பிச் சொல்வதுண்டு.

நிறமிகளுக்கு அப்பால் குவெர்செற்றின், ஐசோராம்னெற்றின் போன்ற பிளேவனோல்கள் என்னும் தாவரச் சேர்மங்களும், பெற்றின் என்னும் கரையும் நார்ப்பொருளும், தாவரங்களில் அரிதாகவே காணப்படும் டோரின் என்னும் அமினோ அமிலமும் இப்பழங்களில் உண்டு. உலகில் பெரிதும் பயிரிடப்படும் கள்ளிப் பழ இனத்தின் 100 கிராம் சதையில் ஏறக்குறைய 41 கலோரியும், 14 மில்லிகிராம் விற்றமின் சியும், 85 மில்லிகிராம் மக்னீசியமும், 3.6 கிராம் நார்ப்பொருளும் உள்ளன. மக்னீசியத்தின் அளவைப் பொறுத்தவரை ஒரு பழத்துக்கு இது நல்ல அளவே.

நன்மை பற்றிய சான்றுகளையும் அளவோடு சொல்ல வேண்டும். இத்தாலியின் சிசிலித் தீவு ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நலமான 18 பேர் இரு வாரங்களுக்கு நாளொன்றுக்கு இரு முறை 250 கிராம் பழம் உண்டனர். உடலில் ஒட்சியேற்றச் சிதைவைக் காட்டும் குறிகாட்டிகள் சில அவர்களிடம் குறைந்தன. அப்பழத்திலுள்ள அளவுக்குச் சமமான விற்றமின் சியை மட்டும் உட்கொண்டபோது அந்தக் குறைவு காணப்படவில்லை. இதிலிருந்து, பழத்தில் விற்றமின் சிக்கு மேலாக ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்று கொள்ளலாம். ஆனால் அது 18 பேரைக் கொண்ட ஆய்வு, பயிரிடப்பட்ட இனம், நாளுக்கு அரைக் கிலோ பழம், அளக்கப்பட்டது குருதியில் உள்ள குறிகாட்டிகளே அன்றி எந்த நோயும் அன்று. இதை எடுத்துக்கொண்டு, நாகதாளிச் சாறு புற்றுநோயைப் போக்கும், சீனி வருத்தத்தை மாற்றும் என்று போத்தலில் ஒட்டி விற்பவர்களை நம்ப வேண்டியதில்லை. சிவப்பு நிறமியில் சிறு பங்குதான் மாறாத வடிவில் குருதியை அடைகிறது என்பதும், மஞ்சள் நிறமி அதைவிட எளிதாக உறிஞ்சப்படுகிறது என்பதும் அதே தீவின் ஆய்வாளர்களே கண்டவை.

மூன்றாம் படி: எந்தப் பழத்தில் தொடங்குவது

முள்ளுக்கு அஞ்சுபவர்கள் டிராகன் பழத்தில் தொடங்கட்டும். வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: வெளித்தோல் சிவப்பாக இருப்பதை வைத்து உள்ளே என்ன நிறம் என்று சொல்ல முடியாது. வெள்ளைச் சதை உள்ள வகையில் பெற்றலேயின் ஏறக்குறைய இல்லை. அதன் நிறமெல்லாம் தோலோடு போய்விடும். கடைக்காரரிடம் உள்ளே சிவப்பா என்று கேட்டு, முடிந்தால் ஒன்றை வெட்டிக் காட்டச் சொல்லி வாங்குவதே முறை. அதைக் கழுவி, நெடுக்காகப் பிளந்து, கரண்டியால் தோண்டி உண்ணலாம். விதை மென்மையானதால் வடிக்கத் தேவையில்லை. டிராகன் பழம் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. எஞ்சிய படிகள் நாகதாளிக்கு உரியவை.

நான்காம் படி: பறித்தல்

நாகதாளியின் நீண்ட முள் கண்ணுக்குத் தெரியும். அதற்கு யாரும் ஏமாறுவதில்லை. ஏமாற்றுவது சுணை. பழத்தின் மேல் மஞ்சட் புள்ளிகளாகத் தோன்றும் ஒவ்வொரு இடத்திலும் மயிரினும் மெல்லிய நூற்றுக்கணக்கான சுணைகள் கொத்தாக உள்ளன; அவற்றின் நுனியில் பின்னோக்கி வளைந்த கொளுக்கிகள் இருப்பதால், தோலில் ஏறியவை எளிதில் கழன்று வருவதில்லை.

நான் முதன்முறை பறிக்கப் போனது கச்சான் காற்று வீசும் ஒரு காலையில், சாம்பல்தீவுப் பக்கம். வேலிக்கு அப்பால் வளவைக் கூட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் கையிலிருந்த விளக்குமாற்றை நிறுத்திவிட்டு, "தம்பி, காத்து எந்தப் பக்கத்தால வருதெண்டு பாத்துப்போட்டு நில்லுங்கோ" என்றார். "ஓம் ஆச்சி" என்று சொல்லிவிட்டு, நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கொக்கத்தடி பழத்தைத் தட்டிய அந்தக் கணத்தில் சுணை பறந்து கழுத்திலும் முன்கையிலும் படிந்தது. இரண்டு நாட்கள் சட்டைக் கழுத்துப்பட்டி உரசும்போதெல்லாம் ஆச்சி சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் சொன்னதன் பொருள் எளியது: காற்று உங்கள் முதுகில் பட வேண்டும், செடி உங்களுக்கு முன்னால் இருக்க வேண்டும். கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், அக்காலத்தில் செடிக்குக் கடற்பக்கமாக ஒருபோதும் நிற்க வேண்டாம்.

முழுக்கைச் சட்டையும், கண்ணாடியும், தடித்த இறப்பர்க் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள். கம்பளி அல்லது துணிக் கையுறை பயன்படாது. சுணை அதில் புதைந்து அடுத்த முறையும் குத்தும். நீண்ட இடுக்கியால் பழத்தைப் பற்றி, இழுக்காமல் முறுக்கிக் கழற்ற வேண்டும். பழுத்த பழம் எளிதாகக் கழன்று வரும், நிறம் முழுவதும் ஒரே சீராகக் கருஞ்சிவப்பாக இருக்கும். அடியில் பச்சை தெரிந்தால் விட்டுவிடுங்கள், பறித்த பின் அது இனிப்பதில்லை. பழங்களை உமலில் போடாமல், கழுவக்கூடிய பிளாஸ்ரிக் வாளியில் போடுங்கள்.

தட்டுகளின் மேல் வெண்பஞ்சு போல ஏதோ அப்பியிருப்பதைக் காணலாம். அதைக் குச்சியால் நசுக்கினால் குருதி போன்ற சிவப்பு வரும். அது செடியின் நிறமன்று. கொச்சினீல் இனப் பூச்சியின் நிறம். அதன் வேதிப்பொருளும் பெற்றலேயினுக்கு முற்றிலும் வேறானது. நாகதாளி பெருகி நிலத்தை மூடியபோது அதை அடக்குவதற்கென்றே இப்பூச்சி இறக்குமதி செய்யப்பட்டது. 1926இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. பஞ்சு மிகுந்த செடியின் பழம் வாடிச் சுவை கெட்டிருக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

பிறர் வளவில் கேட்டுப் பறியுங்கள். பிரதான வீதியோரத்திலும் குப்பை கொட்டும் இடங்களிலும் நிற்கும் செடியைத் தொட வேண்டாம். புறாத்தீவு போன்ற தேசியப் பூங்கா எல்லைக்குள் எதையும் பறிக்கக் கூடாது.

ஐந்தாம் படி: சுணை நீக்குதல்

ஊரில் பழைய வழி, பழத்தை மணலில் போட்டு ஈர்க்கு விளக்குமாற்றாலோ செருப்பாலோ உருட்டித் தேய்ப்பது. அது நல்ல வழிதான். பெரும்பகுதி சுணை மணலோடு போய்விடும். வீட்டில் செய்வதானால், பழத்தை முள்ளுக்கரண்டியில் குத்தி அடுப்புச் சுவாலையில் சில வினாடிகள் சுழற்றுங்கள்; சுணை சிறு பொறியாகப் பொசுங்கி மறையும். தோல் வெந்து வெடிக்கும் வரை வைத்திருக்கக் கூடாது, சூடு உள்ளே போனால் நிறம் கெடும். பின்னர் வாளித் தண்ணீரில் போட்டுத் தும்புத் தூரிகையால் தேய்த்து, அந்தத் தண்ணீரைச் செடியடியில் ஊற்றிவிட்டு இன்னொரு முறை கழுவுங்கள்.

கையில் சுணை ஏறினால் தேய்க்க வேண்டாம், வாயால் உறிஞ்சவும் வேண்டாம். ஒட்டுநாடாவை அழுத்தி உரித்து எடுத்து, எஞ்சியதை வெளிச்சத்தில் பார்த்துச் சாமணத்தால் பிடுங்க வேண்டும். கண்ணில் பட்டதாக ஐயம் இருந்தால் கசக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஆறாம் படி: உரித்தலும் ஒரு சிறு சோதனையும்

பழத்தின் இரு முனைகளையும் சற்றுத் தாராளமாகவே வெட்டி எறியுங்கள். பூ இருந்த தலைப்பக்கக் குழியில் சுணை ஒளிந்திருக்கும். பிறகு நெடுக்காக ஒரு கீறல் போட்டு, முள்ளுக்கரண்டியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தோலைப் பாய் சுருட்டுவது போல் சுருட்டி நீக்கலாம். உள்ளே மிளகளவு கடின விதைகள் நிறைந்த, பசையான ஊதாச் சதை இருக்கும். பலகையும் விரலும் சிவக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போய்விடும்.

சாற்றின் சில துளிகளை வைத்து இரு நிறமிகளின் வேறுபாட்டை உங்கள் கண்ணாலேயே காணலாம். நான்கு சிறு கண்ணாடிக் கோப்பைகளை எடுங்கள். இரண்டில் நீர் கலந்த நாகதாளிச் சாற்றையும், இரண்டில் நீர் கலந்த நாவற்பழச் சாற்றையும் ஊற்றி, ஒவ்வொரு சோடியிலும் ஒன்றில் தேசிக்காயும் மற்றொன்றில் ஒரு சிட்டிகை அப்பச்சோடாவும் சேருங்கள். நாவற்சாறு தேசிக்காயில் செக்கச் சிவந்து, அப்பச்சோடாவில் நீலமும் பச்சையுமாகக் கறுத்துவிடும். நாகதாளிச் சாறோ இரண்டிலும் பெரிதாக மாறாது. சோடாவில் சற்று ஊதாப் பக்கம் சாய்வதோடு நின்றுவிடும். புளிப்புக்கு அஞ்சாத இந்த நிறம் சூட்டுக்கு அஞ்சும். மீதிச் சாற்றில் ஒரு கரண்டியைச் சிறிய சட்டியில் விட்டுக் கொதிக்க வையுங்கள். ஊதா மங்கி, செம்மஞ்சளாகி, பழுப்பாகும். அதை உடனே குளிரூட்டியில் வைத்தால் சில மணி நேரத்தில் நிறத்தில் ஒரு பகுதி திரும்பி வருவதும் உண்டு. சூட்டில் பிரிந்த மூலக்கூறின் இரு பாதிகளும் குளிரில் மீண்டும் சேர்ந்துகொள்வதே அதற்குக் காரணம். ஆனால் போனது முழுவதும் திரும்பாது.

ஏழாம் படி: சாறு எடுத்தல்

ஆறு பழங்களின் சதையைக் கண்ணாடி அல்லது எவர்சில்வர்ப் பாத்திரத்தில் இட்டு அகப்பையால் மசியுங்கள். இரும்பும் செம்பும் நிறமியின் சிதைவை விரைவாக்குவதால் அப்பாத்திரங்கள் வேண்டாம். பிளெண்டரில் அரைக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அரைத்தால் விதை உடைந்து சாறு மணல் போல் நறநறக்கும், காற்றும் அதிகம் கலக்கும், ஆகவே நான் கையால் மசிப்பதையே விரும்புகிறேன். அந்தக் கூழை மெல்லிய பருத்தித் துணியில் கட்டிப் பிழிந்தால், ஓரளவு தடித்த, ஒளி ஊடுருவாத ஊதாச் சாறு கிடைக்கும். துணியில் வடிப்பதற்கு இன்னொரு நன்மையும் உண்டு: தப்பியிருந்த சுணையும் அங்கே தங்கிவிடும். துணி தவிர்த்துத் தேநீர் வடியில் வடித்த ஒரு நாள் என் நாவிலேயே ஒன்று ஏறியது என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

சாற்றின் இரு மடங்கு குளிர்ந்த நீரும், பாதித் தேசிக்காயும், மிகச் சிறிது உப்பும் சேர்த்தால் போதும். தேசிக்காய் சுவைக்காக மட்டுமன்று. அதிலுள்ள விற்றமின் சி நிறமியைக் காற்றிலிருந்து காக்கிறது. சீனி சேர்ப்பது உங்கள் விருப்பம், ஆனால் நலத்துக்கென்று தொடங்கியதில் மூன்று கரண்டிச் சீனியைக் கொட்டுவதில் பொருளில்லை. அப்போதே பருகுங்கள். மீதியை விளிம்பு வரை நிரப்பி மூடிய போத்தலில், குளிரூட்டியில் ஒரு நாள் வைத்திருக்கலாம். அதற்கு மேலென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். ஜாம் காய்ச்ச விரும்புபவர்கள் காய்ச்சலாம். பெற்றினும் தாதுக்களும் எஞ்சும், நிறமியும் விற்றமின் சியும் பெருமளவு போகும் என்று தெரிந்துகொண்டு காய்ச்சினால் சரி.

எட்டாம் படி: அளவும் எச்சரிக்கையும்

முதல் நாள் ஒரு பழத்தின் சாறோடு நிறுத்திக்கொண்டு, வயிறு ஏற்றுக்கொண்டால் நாளுக்கு இரண்டு மூன்று பழங்கள் வரை செல்லலாம். விதையோடு மெல்லாமல் விழுங்குவது ஆபத்தானது. இவ்விதைகள் செரிப்பதில்லை, நிறைய உண்டவர்களுக்குப் பெருங்குடலின் கடைப்பகுதியில் இறுகி அடைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக நேர்ந்த நிகழ்வுகள் இப்பழம் மிகுதியாக உண்ணப்படும் மத்தியதரைக் கடல் நாடுகளில் பதிவாகியுள்ளன. சிறுவர்களுக்கு வடித்த சாறு மட்டுமே கொடுங்கள்.

மறுநாள் சிறுநீரோ மலமோ சிவந்திருந்தால் பதற வேண்டாம். பீட்றூட் உண்டாலும் சிலருக்கு அவ்வாறே ஆகும். ஆனால் கிளினிக்கில் பரிசோதனைக்கு மாதிரி கொடுக்கும் நாளுக்கு முன் இதைத் தவிர்ப்பதும், கேட்டால் சொல்லிவிடுவதும் நல்லது. பழம் நிறுத்திய பின்னும் சிவப்பு தொடர்ந்தால் அது பழத்தால் வந்ததன்று, மருத்துவரிடம் காட்ட வேண்டியது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பொற்றாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள் இச்சாற்றை மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. நாகதாளியின் தண்டும் அதன் சாரமும் குருதிச் சீனியைக் குறைக்கக்கூடியவை என்பதால், நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாறு குடிப்பது எந்நிலையிலும் கூடாது.

ஒன்பதாம் படி: கழிவை ஒதுக்குதல்

துணியில் எஞ்சிய விதைகளையும், பறிக்கும்போது உடைந்த தட்டுகளையும் வளவிலோ கடற்கரையிலோ வீசிவிடாதீர்கள். நிலத்தில் விழுந்த ஒரு துண்டுத் தட்டே வேர்விட்டுப் புதர் ஆகிவிடும். தெற்கே பூந்தல தேசியப் பூங்காவில் இச்செடி ஆக்கிரமிப்புத் தாவரமாகப் பெருகி, அகற்றுவதே பெரும் வேலையாகிவிட்டது. விதையின் மேல் கொதிநீரை ஊற்றி ஆறவிட்டுக் கொட்டுங்கள். தட்டுகளைச் சீமெந்துத் தரையில் வெயிலில் பரப்பி, முற்றாகக் காய்ந்து சுருங்கிய பின் எரித்துவிடுங்கள். எரியும்போதும் காற்று வரும் பக்கமாகவே நில்லுங்கள்.